சத்தமில்லாமல் நுழைந்த மாட்டம்மை

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயில் மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நெசவுத் தெருவில், மங்கையர்க்கரசிக்கு ‘ஏன் மங்கை’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர் அவள் கணவர் குமரகுருதான். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரை, இதற்கு ஏன் சிவப்பு வண்ணம் என்று கேட்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். பஸ்ஸில் ஏறினால், வண்டி ஏன் இத்தனை சுற்றிப் போகிறது என்று கண்டக்டரிடம் விசாரிப்பாள். பதில் வந்தால் அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுப்பாள். “ஒரு பதிலோட அடங்கற ஜென்மம் இல்லப்பா இது” என்று குமரகுரு சினேகிதர்களிடம் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் சலிப்பு இருக்காது.

இருவரும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் குமரகுரு, ஓரத்தில் மங்கை. அவர் குறுக்கு நூலோடும் நாடாவைத் தள்ளியதும் இவள் கரை நாடாவைக் கொடுத்து வாங்குவாள். பேச்சில்லாமலே ஓடும் வேலை அது. மங்கை இருக்கும் இடத்தில் பேச்சும் ஓடும்.

தறிக்கு அடுத்தபடியாக அவள் உயிரை வைத்திருந்தது இரண்டு மாடுகள் மேல். செவலி, கருப்பி. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகை. அந்தத் தெருவில் மாடு வளர்ப்பவர்கள் குறைவில்லை. குமரகுருவின் அண்ணன் உமாபதி வீட்டில் ஆறு மாடுகள் நின்றன. கோயில் அபிஷேகத்துக்குப் பால் போவது அவர் வீட்டிலிருந்துதான். அதனால் தெருவில் மாடு விஷயமென்றால் உமாபதி சொல்வதே கடைசிச் சொல்.

அந்த வருஷம் ஆடி பிறக்கும் முன்பே சேதி வந்துவிட்டது. மேற்கே தாமல் ஏரிக்கரையில் மேயும் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வருகிறதாம், காய்ச்சலில் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறதாம், கன்றுகள் சாகிறதாம். மாட்டம்மை என்றார்கள் சிலர். தோல் கழலை நோய் என்று பால் சொசைட்டி வாசலில் தட்டி வைத்தார்கள். கொசுவும் கடிக்கிற ஈயும் உண்ணியும் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டு போகின்றன என்று அதில் எழுதியிருந்தது.

ஒரு காலையில் ஐஸ் பெட்டியோடு கால்நடை டாக்டர் தெருவுக்குள் வந்தாள். பெயர் கிரேஸ். முப்பது வயது இருக்கும். தாமல்காரி. அவளுடைய தாத்தா காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பா லாரி ஓட்டிப் படிக்க வைத்தார். மாட்டு டாக்டருக்குப் படித்து, மேல்படிப்பில் இந்த அம்மைக் கிருமியைப் பற்றியே ஆராய்ச்சி செய்துவிட்டு அரசு வேலைக்கு வந்தவள்.

“ஆட்டம்மைக்குப் போடற ஊசிதாங்க. இதையே மாட்டுக்கும் போடலாம்னு சொல்லியிருக்காங்க. நல்லா இருக்கற மாட்டுக்கு இப்பவே போட்டுடணும்” என்றாள்.

உமாபதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஆட்டு ஊசியக் கொண்டாந்து மாட்டுக்குப் போடறியேமா. நல்லா இருக்கற மாட்டுக்கு இன்னாத்துக்கு ஊசி? நோவு வந்தா பார்த்துக்கலாம்” என்றார்.

அவர் சொன்னதும் கயிற்றைக் கையில் பிடித்து நின்ற இரண்டு மூன்று பேர் மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனார்கள். மங்கை மட்டும் செவலியையும் கருப்பியையும் இழுத்து வந்து நிறுத்தினாள். ஆட்டு ஊசி மாட்டுக்கு எப்படிக் கேட்கும் என்று அவளுக்கும் கேள்வி இருந்தது. ஆனால் டாக்டருக்கு அன்று இன்னும் பல தெருக்கள் பாக்கி இருந்தன. பதிலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து வேறு சில வீட்டுக்காரர்களும் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. விடிந்து பால் கறக்கப் போனவளுக்குச் செவலியின் மடி சூடாகத் தெரிந்தது. பால் அரைச் சொம்பு கூட இல்லை. மூக்கில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கழுத்தைத் தடவிக் கொடுத்தபோது உள்ளங்கையில் ஏதோ உருண்டது. முதலில் உண்ணி என்று நினைத்தாள். விரலால் மறுபடி தேடினாள். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் புளியங்கொட்டை அளவில் கட்டிகள் எழும்பியிருந்தன.

மத்தியானத்துக்குள் சேதி தெரு முழுக்கப் போய்விட்டது. ஊசி போட்ட மாட்டுக்கே அம்மை வந்துவிட்டது. ஊசியால்தான் வந்தது. உமாபதி வந்து கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசாமல், பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

“நான் அன்னைக்கே சொன்னேன். ஆட்டு நோவக் கொண்டாந்து மாட்டு உடம்புல ஏத்திட்டுப் போயிட்டா அந்தப் பொண்ணு. இனிமே இந்தத் தெருவுல எவனும் ஊசி போடக் கூடாது.”

மங்கைக்கே அப்போது அப்படித்தான் தோன்றியது. தானே கயிற்றைப் பிடித்து நிறுத்தித் தன் மாட்டுக்கு நோயை வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் வேப்பிலைக் கொத்தோடு வந்தாள். வயதில் மூத்தவள், விதவை. ஒரு கறவை மாடும் அதன் கன்றும்தான் அவளுக்குத் துணை. கொட்டகை வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகிவிட்டுச் சொன்னாள்: “அம்மா வந்து இறங்கிட்டா மங்க. அவ வந்த உடம்புல ஊசி குத்தினா கோவிச்சுக்காம இன்னா பண்ணுவா? மஞ்சத் தண்ணி தெளிச்சுட்டு சும்மா இரு.”

மங்கை மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். சும்மா இருக்கத்தான் அவளால் முடியவில்லை. கணவரின் போனை வாங்கி டாக்டருக்குப் பேசினாள்.

கிரேஸ் அன்று சாயங்காலமே வந்தாள். ஸ்கூட்டரை அவள் தெருமுனையில் நிறுத்தும்போதே இரண்டு மூன்று பேர் சூழ்ந்து சத்தம் போட்டார்கள். “மாடு செத்தா யாரு பொறுப்பு?” என்றார் ஒருவர். இன்னொருவர் அவள் ஊரையும் குலத்தையும் சேர்த்து ஏதோ சொன்னார். கிரேஸ் நின்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாள். “மாட்டைப் பார்த்துட்டு வந்து பேசறேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் வந்தாள். செவலியின் காதுக்கடியில் கை வைத்துக் காய்ச்சலைப் பார்த்துவிட்டு, ஒழுகும் மூக்கை அவள் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவதை மங்கை கவனித்தாள். கவனித்ததும் டாக்டர் மேலிருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

“டாக்டரம்மா, ஒளிக்காம சொல்லு. ஊசியாலதான் வந்துச்சா?”

“இல்லக்கா. ஊசி போட்ட அன்னைக்கே மாட்டம்மைக் கிருமி இதுக்குள்ள இருந்திருக்கும்னு நினைக்கறேன். ஒரு ஈ கடிச்சு விட்டுட்டுப் போயிருக்கும். உள்ள வந்து வாரக்கணக்கா இருந்தாலும் வெளிய தெரியாது. நமக்கும் தெரியாது, மாட்டோட உடம்புக்கே தெரியாது.”

“உடம்புக்கே தெரியாதா? அது எப்படிமா? காலுல ஒரு முள்ளு குத்தினா துள்ளுதே. இத்தினி பெரிய நோவு உள்ள வந்து குந்திக்கினு இருக்குது, உடம்புக்குத் தெரியாதா? ஏன் தெரியல?”

வேறு யாராவது இருந்தால் இதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லை என்று போயிருப்பார்கள். கிரேஸ் கையைக் கழுவிக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த தவிட்டுக் கூடை மேல் உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் மூன்று வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் கண் விழித்திருந்தாள். வேலைக்கு வந்த பிறகு ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

“உடம்பு பூரா செல்லுக்கா. கோடிக்கணக்குல. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடுன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் காவல் இருக்குது. கிருமி உள்ள வந்தா தன்னைப் போல நகல் எடுக்க ஆரம்பிக்கும் இல்லயா? எடுக்கறப்ப துணுக்குத் துணுக்கா சில சரக்கு உண்டாவும். நம்ம செல்லுல அந்த மாதிரித் துணுக்கு இருக்காது. காவல் அதைப் பார்த்துட்டா, திருடன் வந்துட்டான்னு புரிஞ்சுக்கும். உடனே வீட்ல எல்லா வேலையையும் நிறுத்திடும். வேலை நின்னா கிருமியாலயும் ஒண்ணும் செய்ய முடியாது.”

“அப்ப காவல் ஏன் பார்க்கல?”

“அதான் இந்த அம்மைக் கிருமியோட சாமர்த்தியம். மத்த கிருமி மாதிரி இல்ல, இது பெரிசு. தனக்கு வேணுங்கற சாமானை மூட்டை கட்டிக்கினு வரும். உள்ள வந்ததும் முதல் வேலையா ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம் போய் அந்தத் துணுக்கு மேல எல்லாம் போர்த்தி மூடிடும். காவல் பக்கத்துலயே நிக்கும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.”

மங்கை சாணக் கூடையைத் தள்ளிவிட்டு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “சரி, ஒரு வீட்லயாச்சும் பார்க்காமயா போவும்?”

“பார்க்கும். பார்த்தா பக்கத்து செல்லுக்கெல்லாம் சேதி அனுப்பும், கதவைச் சாத்திக்கோன்னு. அந்த சேதியை வாங்கிக்க ஒவ்வொரு செல்லு வாசல்லயும் கை மாதிரி ஒண்ணு நீட்டிக்கினு இருக்கும். இந்தக் கிருமி அதே ஜாடையில போலிக் கையைச் செஞ்சு செஞ்சு வெளிய விட்டுடுது. போற சேதியெல்லாம் அந்தப் போலிக் கையில மாட்டிக்கினு நின்னுடும். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரவே சேராது.”

“அடப் பாவி!”

“இன்னொண்ணும் இருக்குதுக்கா. எல்லாம் கைமீறிப் போச்சுன்னா செல்லு தன்னைத்தானே அழிச்சுக்கும். திருடனோட சேர்த்து வீட்டை இடிச்சுக்கற மாதிரி. பக்கத்து செல்லாவது பிழைக்கட்டும்னு. கிருமி அதையும் நடக்க விடாம தடுத்து வைக்கும்.”

மங்கை செவலியின் கழுத்துக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, பக்கத்தில் இருப்பது பிழைக்கட்டும் என்று தன்னையே இடித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, அதைச் சாகவும் விடாமல் ஒருவன் உள்ளே உட்கார்ந்து பிடித்து வைத்திருக்கிறான் என்பது அவளை என்னவோ செய்தது.

“அப்ப ஊசி எப்படிக் கேக்கும்?” என்றாள் கடைசியாக.

“ஊசியில இருக்கறது ஆட்டம்மைக் கிருமி. பலத்தைக் குறைச்சு வெச்சது. அதோட தந்திரமெல்லாம் ஆட்டு உடம்புக்குப் பழகினது, அதுவும் மழுங்கிப் போனது. மாட்டு உடம்புல அதால ஒளிஞ்சுக்க முடியாது. காவலுங்க சுலபமா பிடிச்சுடும், மூஞ்சியை நல்லா படிச்சு வெச்சுக்கும். மாட்டம்மைக் கிருமி அதுக்குப் பங்காளிதான், ஒரே முகஜாடை. அப்புறமா அது வந்தா, போர்த்தி மூடறதுக்குள்ள ஆளுங்க வந்து அமுக்கிடுவாங்க. ஆனா படிச்சு முடிக்க ரெண்டு மூணு வாரம் ஆவும். செவலிக்கு அந்த டைம் கெடைக்கலக்கா. திருடன் முந்திக்கினான்.”

கிரேஸ் காய்ச்சலுக்கு மருந்து போட்டாள். ஒரு கட்டியின் பொருக்கைச் சுரண்டிச் சிறு குப்பியில் எடுத்துக்கொண்டாள். சென்னைக்கு அனுப்பினால் இது ஊசியின் கிருமியா, வெளிக் கிருமியா என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள் என்றாள். வெளியே போய், காத்திருந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள். கேட்கத்தான் யாரும் தயாராக இல்லை.

மறுநாளிலிருந்து மங்கைக்கு வேறு உலகம் இல்லாமல் போயிற்று. கருப்பியை இரண்டு தெரு தள்ளித் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கட்டினாள். செவலியைச் சுற்றிக் கொசுவலையைத் தைத்துக் கட்டினாள். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்து அரைத்து, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவி உள்ளே தள்ளினாள். கட்டிகள் உடைந்து புண்ணானதும் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினாள். நிலையில் ரேணுகாம்பாள் செருகிய வேப்பிலை வாடினால் புதிதாகச் செருகினாள். ஊசியும் வேப்பிலையும் ஒரே கொட்டகையில் இருப்பதில் அவளுக்கு ஒரு இடைஞ்சலும் தெரியவில்லை. “அம்மா வந்தா வந்துட்டுப் போவட்டும். அதுக்காக திருடனையும் சேர்த்து குந்த வெக்கணுமா?” என்று குமரகுருவிடம் சொன்னாள்.

தறி நின்று போயிருந்தது. ஓரத்தில் ஆளில்லாமல் கோர்வை ஓடாது. குமரகுரு இரண்டு நாள் வெறுமனே தறியில் நீட்டியிருந்த பாவு நூலைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, புல்லுக்கட்டைத் தூக்கிப் போட ஆரம்பித்தார்.

செவலி படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் கிடந்த ஒரு காலை நேரத்தில்தான் மங்கைக்கு அந்த யோசனை வந்தது. புண் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். அது வலையின் ஓட்டை வழியாக வெளியே பறந்து, சுவர் தாண்டிப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ரேணுகாம்பாள் வீட்டுக் கன்று. அதற்கு அடுத்து உமாபதியின் கொட்டகை. ஆறு மாடுகள். ஒன்றுக்கும் ஊசி இல்லை. ஒன்றின் உடம்புக்கும் திருடன் மூஞ்சி தெரியாது.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். “எங்க போற?” என்றார் குமரகுரு.

“மாமா வீட்டுக்கு.”

“அவர் பேசறதை நீ தாங்க மாட்டே.”

“பேசட்டும்.”

கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் உமாபதியின் முன்னால் நின்று வாதாடியதில்லை. கேள்வி கேட்பதற்குப் பேர் போனவள், அவர் ஒருவரிடம் மட்டும் கேட்டதில்லை. அவர் கொட்டகைக்கு வெளியே பால் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், “கிட்ட வராத மங்க. உங்க வீட்டு அம்மையை இங்க ஒட்ட வெச்சுடாத” என்றார்.

மங்கை தெருவிலேயே நின்றாள். “அதுக்குத்தான் மாமா வந்தேன். நான் வராட்டியும் ஈ வரும். டாக்டரம்மாவக் கூப்பிட்டு ஆறு மாட்டுக்கும் ஊசி போட்டுடுங்க.”

உமாபதி கேனைக் கீழே வைத்தார். “உம் மாடு அங்க சாவக் கிடக்குது. ஊசி போட்டுத்தான் அப்படி ஆச்சு. நீயே வந்து என்னைப் போடச் சொல்றியா?”

“எம் மாடு கிடக்கறதாலதான் சொல்றேன். எனக்கு லேட்டாயிடுச்சு மாமா. ஊசி வர்றதுக்கு முன்னாலயே உள்ள பூந்துடுச்சு. உங்களுக்கு இன்னும் ஆவல.”

“அதெல்லாம் அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்த கதை. தாமல்ல இருந்து வந்தவ பேச்சைக் கேட்டுக்கினு…”

“அவ எந்த ஊரா இருந்தா இன்னா மாமா? இத்தினி பேர் கத்தினப்ப ஓடிப்போயிருந்தா யாரு கேட்டிருப்பாங்க? தினம் காலையில வந்து எம் மாட்டுக்குப் புண்ணு தொடச்சுட்டுப் போறா. நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கினு நிக்கறோம், அவ புண்ணுக்குள்ள விரல வெக்கறா.”

பிறகு அவள் கேட்டதை எல்லாம் சொன்னாள். துணுக்கை மூடும் போர்வை, சேதியை மடக்கும் போலிக் கை, இடிந்து விழவும் விடாமல் பிடித்து வைக்கும் தந்திரம். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. வீதியில் போனவர்கள் நின்றார்கள். “இது சண்டை போட்டு ஜெயிக்கற கிருமி இல்ல மாமா, சத்தம் வராம பார்த்துக்கற கிருமி. கட்டி வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தா, அதுக்கு அதான் வேணும். நாம பேசாம இருக்கணும்னுதான் அது இவ்ளோ பாடு படுது.”

உமாபதி திரும்பித் தன் மாடுகளைப் பார்த்தார். கோபக்காரரே தவிர அநியாயக்காரர் இல்லை. மாட்டின் மேல் ஆசை உள்ளவர். “ஊசி போட்டு எதுக்காச்சும் ஆச்சுன்னா, கோயிலுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“தெரியல மாமா. வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். போடாட்டி இன்னா ஆவும்னு மட்டும் எங்கொட்டகையில வந்து பாருங்க.”

அவர் வந்து பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் கிரேஸ் வந்தபோது அவர் கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. அவர் வெளியே வரவில்லை. செவலியின் கிருமி ஒட்டி வராமல் குளித்து உடை மாற்றி, கூந்தலை முடிந்துகொண்டு வந்த மங்கைதான் ஒவ்வொரு மாடாகக் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று டாக்டருக்கு முன்னால் அவளே போனாள். முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. “உன் மாட்டைக் காப்பாத்திட்டு வா, அப்புறம் பேசலாம்” என்றாள் ஒருத்தி. மங்கை அந்த வீட்டுக்கு மறுநாளும் போனாள்.

ரேணுகாம்பாள் மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை. “என்னை வற்புறுத்தாத மங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மங்கை அந்த வாசலை விட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நோய் தெருவுக்குள் வரத்தான் செய்தது. பக்கத்துத் தெருக்களில் கொட்டகைக்குக் கொட்டகை மாடுகள் படுத்தன. இந்தத் தெருவில் ஊசி போட்டவற்றில் உமாபதியின் ஒரு மாட்டுக்கு மட்டும் நாலைந்து கட்டிகள் வந்து, காய்ச்சல் அடித்து, வந்த வேகத்திலேயே அமுங்கின; அண்ணன் வீட்டில் கட்டியிருந்த கருப்பிக்கு ஒன்றும் வரவில்லை. ரேணுகாம்பாளின் கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தொண்டைக்குள்ளும் கட்டி வந்து, பால் குடிக்க முடியாமல் செத்துப் போயிற்று. மங்கைதான் முதலில் ஓடினாள். கன்றைத் தூக்கிப் போக ஆள் பிடித்து, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கும் வரைக்கும் கூடவே நின்று, தாய்மாட்டின் மடி கட்டிக்கொள்ளாமல் பாலைக் கறந்து விட்டாள். ரேணுகாம்பாள் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதபோது, மங்கையும் சேர்ந்து அழுதாள்.

செவலி பிழைத்தது. ஒருநாள் காலையில் தானாகவே முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று, வலையை முட்டித் தள்ளிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போயிற்று. உடம்பெங்கும் ரூபாய்க் காசு பதித்ததுபோல் வடுக்கள். பால் முன்போலத் திரும்பவே இல்லை. விற்றுவிடச் சொன்னவர்களுக்கு, “ஏன் விக்கணும்?” என்று மங்கை திருப்பிக் கேட்டாள்.

சென்னையிலிருந்து முடிவு வந்தபோது தெருவில் அதைப் பற்றிக் கேட்பவர் யாருமில்லை. வெளிக் கிருமிதான், ஊசிக் கிருமி இல்லை என்று கிரேஸ் போனில் சொன்னாள். “சரிம்மா” என்றாள் மங்கை. “நீ சாப்ட்டியா?”

அடுத்த வருஷம் ஊசி போடும் காலம் வந்தபோது கிரேஸ் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். சுற்றுக் கிராமங்களில் இன்னும் பயம் போகவில்லை, நான் சொன்னால் டாக்டர் பேசுகிறாள் என்று போய்விடுகிறார்கள், நீங்கள் ஒருநாள் என்கூட வர முடியுமா? மங்கை குமரகுருவைப் பார்த்தாள். “போய்ட்டு வா. புடவை எங்கயும் ஓடிடாது” என்றார் அவர்.

முதலில் தாமல். காலனியில் கிரேஸின் அம்மா சம்பூர்ணம், நெசவுத் தெருவிலிருந்து வருபவள் தங்கள் வீட்டில் கை நனைப்பாளோ மாட்டாளோ என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். மங்கை டம்ளரை வாங்கிக் காபியைக் குடித்துவிட்டு, “வெல்லம் போட்டிருக்கீங்களா அக்கா? ஏன், சர்க்கரை போட மாட்டீங்களா?” என்று கேட்க, சம்பூர்ணம் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து மங்கையைக் கிளப்புவது கிரேஸுக்குப் பெரிய பேஜாராகிவிட்டது.

அப்புறம் கூரம். ஊர் நடுவில் புளிய மரத்தடியில் ஆண்களும் பெண்களும் கூடியிருந்தார்கள். மங்கை போனில் எடுத்திருந்த செவலியின் வடுக்களைக் காட்டிப் பேசினாள். எல்லாம் முடிந்ததும் அர்ஜுனன் என்ற ஆடு மேய்ப்பவர் எழுந்து கேட்டார்: “எல்லாம் சரிமா. இத்தினி தந்திரக்காரக் கிருமி, மாட்டுப் பக்கத்துலயே படுத்து எழுந்திருக்கற நமக்கு ஏன் வரல?”

கிரேஸ் அப்போது ஊரின் மறுகோடியில் மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியலப்பா. நானும் கேக்காம விட்டுட்டேன். கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றாள் மங்கை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் கூரத்துக்கு ஊசி வேலை எதுவும் இல்லை. மங்கை தனியாக பஸ் ஏறிப் போனாள். வரப்போரம் ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டிருந்த அர்ஜுனனைக் கண்டுபிடித்து நிறுத்தினாள்.

“கேட்டேன்பா. அந்தப் போலிக் கை, போர்வை எல்லாமே மாட்டோட செல்லுக்கு அளவெடுத்துத் தைச்சதாம். நம்ம உடம்புல வந்தா ஒண்ணும் பொருந்தாது. நம்ம காவலுங்க கண்டுபிடிச்சுடும்.”

அர்ஜுனன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். “இதைச் சொல்லவா அம்மாந்தூரத்துல இருந்து வந்த?”

“நீ கேட்ட இல்ல?” என்றாள் மங்கையர்க்கரசி. பிறகு அவர் பக்கத்தில் நின்ற ஆடுகளைப் பார்த்துவிட்டு, “ஆமா, இதுங்களுக்கு ஊசி போட்டாச்சா?” என்றாள்.